ஒரே நாள், இரண்டு டாங்கிப் படைகள்: கல்கின் கோல், 1939 ஜூலை 3

ஜப்பானியத் தளபதி கொமாட்சுபாராவின் பொறியாளர்களிடம் ஒரே ஒரு மிதவைப் பாலத்துக்கான தளவாடம்தான் இருந்தது. அதுவும் பழையது, குறுகலானது. லாரி அதில் ஏற வேண்டுமானால் சரக்கை இறக்கிவிட்டுத்தான் ஏற வேண்டும். டாங்கி ஏறுவது பற்றிப் பேச்சே இல்லை. 1939 ஜூலையில் கல்கின் கோல் ஆற்றங்கரையில் ஜப்பானுக்கும் சோவியத்துக்கும் நடந்த சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக எந்தப் பக்கம் எத்தனை டாங்கி என்று தொடங்குவார்கள். இந்தப் பாலத்திலிருந்து தொடங்கினால் விஷயம் சீக்கிரம் புரியும்.

பின்னணி சுருக்கமாக. 1932-இல் மஞ்சூரியாவில் ஜப்பான் மஞ்சுகுவோ என்ற பொம்மை அரசை நிறுவியது. அந்த அரசுக்கும் சோவியத் பாதுகாப்பில் இருந்த மங்கோலியாவுக்கும் எல்லைத் தகராறு. ஆறுதான் எல்லை என்றது ஜப்பான். ஆற்றுக்குக் கிழக்கே சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, நோமொன்ஹான் அருகே ஓடும் கோடுதான் எல்லை என்றது எதிர்த்தரப்பு. மே மாதம் குதிரைப்படை ரோந்துகளுக்குள் தொடங்கிய கைகலப்பு, மாத முடிவில் ஒரு ஜப்பானியப் பிரிவு முழுதாகச் சுற்றிவளைக்கப்பட்டு அழிந்ததும் பெரிதானது. ஜூன் தொடக்கத்தில் நிலைமையைப் பார்வையிட மாஸ்கோ ஜார்ஜி ஜுகோவை அனுப்பியது. சில நாள்களில் அவரே அங்கிருந்த சோவியத் படையான 57-ஆவது சிறப்புக் கோரின் (பல பிரிவுகள் சேர்ந்த பெரும்படை) தளபதி ஆனார். மறுபக்கம் மஞ்சூரியாவில் இருந்த ஜப்பானின் குவான்டுங் படை, டோக்கியோவின் தயக்கத்தைப் பெரிதாக மதிக்காமல் தன் போக்கில் தாக்குதலுக்குத் தயாரானது.

நிலத்தையும் பார்த்துவிட வேண்டும். மரம் இல்லை, புதர்கூட அரிது, புல்வெளியும் மணல்மேடும்தான். ஆற்றின் மேற்குக் கரை கிழக்குக் கரையைவிட உயரமானது. அந்த உயரத்தில் சோவியத்தின் கனரகப் பீரங்கிகள் இருந்தன. கிழக்குக் கரையில் எது அசைந்தாலும் அங்கிருந்து தெரியும். அந்த மேட்டைப் பிடிக்காமல் கிழக்குக் கரையில் நிம்மதியாக உட்கார முடியாது என்பது ஜப்பானியர்களுக்கு நன்றாகவே தெரியும்.

திட்டம்

23-ஆவது டிவிஷன் தளபதி கொமாட்சுபாரா மிச்சிதாரோ சுமார் 8,000 காலாட்படையினருடன் இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து, மேற்குக் கரையில் பாயின் சகான் மேட்டைப் பிடித்து, அங்கிருந்து தெற்கே இறங்கி சோவியத் பாலங்களை அறுப்பார். அதே நேரத்தில் கிழக்குக் கரையில் யாசுவோகா மசாவோமியின் டாங்கிகள் சோவியத் படையை ஆற்றை நோக்கித் தள்ளும். நடுவில் மாட்டுகிற படை நசுங்கும். வரைபடத்தில் அழகான திட்டம்.

டாங்கிகள் ஏன் கிழக்குக் கரையிலேயே நின்றன? பாலம் தாங்காது. ஆகவே திறந்த சமவெளியில் நீண்ட தூரம் பாய்ந்து வளைக்க வேண்டிய மேற்குக் கரை வேலை கால்நடையாகப் போகும் காலாட்படைக்கு வந்தது. தயாராகக் காத்திருக்கும் பீரங்கி வரிசையை நேருக்கு நேர் இடிக்கும் வேலை டாங்கிக்கு வந்தது. ஆயுதத்துக்கு ஏற்ற வேலையைக் கொடுக்காமல், பாலத்துக்கு ஏற்றபடி வேலையைப் பிரித்தார்கள்.

யாசுவோகாவிடம் இருந்தவை 73 டாங்கிகள், 14 குட்டி டாங்கிகள். யோஷிமாருவின் 3-ஆவது டாங்கி ரெஜிமென்ட்டில் பெரும்பாலும் 89-ஆம் ரக நடுத்தர டாங்கி, கூடவே அப்போதுதான் வந்திருந்த 97-ஆம் ரகத்தில் 4. தமாதாவின் 4-ஆவது ரெஜிமென்ட்டில் முக்கியமாக 95-ஆம் ரக இலகு டாங்கி. 89-க்கும் 97-க்கும் 57 மி.மீ. பீரங்கி. எண்ணைப் பார்த்து ஏமாறக்கூடாது. குட்டைக் குழாய், குறைந்த வேகம். எந்திரத் துப்பாக்கிக் கூடுகளை உடைத்துக் காலாட்படைக்கு வழிவிடுவதற்காகச் செய்தது. இன்னொரு டாங்கியைத் துளைப்பது அதன் வேலை அல்ல. சீனாவில் அந்த வேலைக்கு அவசியமும் அதிகம் வரவில்லை.

சோவியத் பக்கம் 45 மி.மீ. பீரங்கி. BT என்று எழுதப்படும் பி.டி. வேக டாங்கியில் அதுவே, பி.ஏ.-10 கவச காரின் கோபுரத்திலும் அதுவே. குதிரையோ லாரியோ இழுக்கும் டாங்கி எதிர்ப்புப் பீரங்கியாகவும் அதே 45 மி.மீ., அதே குண்டு. ஒரு கவச காருக்கு டாங்கியின் அதே துளைக்கும் திறன் என்பது அன்றைக்கு மற்ற படைகளில் அரிதாகவே இருந்தது. ரகத்துக்கு ஒரு குண்டு என்று சுமந்து அலையாமல் ஒரே பெட்டியை எங்கே வேண்டுமானாலும் இறக்கலாம் என்பது ரயிலடியிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிச் சண்டையிடும் படைக்குச் சிறிய வசதி அல்ல.

கிழக்குக் கரையில்

ஜூலை 2 இரவு இடியும் மின்னலுமாக மழை கொட்டியது. அந்த மழைக்குள் தமாதா தன் இலகு டாங்கிகளை நகர்த்தினார். இரவில் டாங்கியைத் தாக்குதலுக்கு அனுப்புவது அக்காலப் போர்க் கையேடுகள் ஊக்குவித்த காரியம் அல்ல. ஓட்டுநருக்கு வழி தெரியாது, சுடுகிறவருக்கு இலக்கு தெரியாது. ஆனால் மின்னல் வெளிச்சத்தில் வழி பார்த்துக்கொண்டு போன ரெஜிமென்ட், சோவியத் பீரங்கி நிலை வரை புகுந்து கலக்கிவிட்டு, ஒரே ஒரு டாங்கியை மட்டும் இழந்து திரும்பியது. ஜப்பானியக் கவசப்படையின் மிகச் சிறந்த இரவு அதுதான் என்பேன். டாங்கி எதிர்ப்புப் பீரங்கியின் பலம் தூரத்திலிருந்து பார்ப்பதில் இருக்கிறது. இருட்டும் மழையும் அதைப் பறித்துவிட்டன.

விடிந்ததும் அந்தச் சாதகம் போய்விட்டது. சோவியத் படை ஆற்றைத் தாண்டி ஓடுகிறது என்று யாசுவோகா நம்பினார், துரத்தச் சொன்னார். சேற்றில் அவருடைய சொந்தப் பீரங்கிகளும் காலாட்படையும் பின்தங்கிவிட்டன. டாங்கிகள் தனியாக முன்னே போயின. அங்கே மணல்மேட்டின் மறுசரிவில் கோபுரம் மட்டும் தெரிய நின்ற 9-ஆவது கவச பிரிகேட்டின் கார்கள், 149-ஆவது ரெஜிமென்ட்டின் 45 மி.மீ. பீரங்கிகள், மேற்குக் கரை மேட்டிலிருந்து கனரகப் பீரங்கிகள் எல்லாம் காத்திருந்தன. ஜப்பானிய டாங்கியின் குண்டு எட்டிப் பயன்தராத தூரத்திலேயே சோவியத் குண்டு துளைத்தது. 95-ஆம் ரகத்தின் கவசம் 12 மி.மீ., 89-இன் முன்பக்கமே 17 மி.மீ. அளவுதான்.

இதில் நான் அதிகம் யோசித்தது பீரங்கியைப் பற்றி அல்ல, கம்பியைப் பற்றி. பியானோவில் போடுவது போன்ற மெல்லிய எஃகுக் கம்பியைச் சுருள் சுருளாகப் புல்லுக்குள் பரப்பி வைத்திருந்தார்கள். ஓட்டுநரின் பார்வைத் துளை வழியாக அது தெரியாது. சங்கிலிச் சக்கரம் ஏறியதும் கம்பி பல்சக்கரத்தில் சுற்றி இறுகி வண்டி நின்றுவிடும். நின்ற டாங்கி சுடுவதற்கான இலக்கு. யோஷிமாருவின் 97-ஆம் ரக டாங்கியும் இப்படி மாட்டித்தான் அடிபட்டது, அவரும் இறந்தார். காலாட்படை கூடவே வந்திருந்தால் அந்தக் கம்பியைக் கண்டிருக்கும், வெட்டியும் இருக்கும். அடுத்த சில நாள்களில் கணக்குப் பார்த்தபோது 73 டாங்கிகளில் பாதிக்கு மேல் செயலிழந்திருந்தன. பல பின்னர் பழுது பார்க்கப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேற்குக் கரையில்

இப்போது அதே நாளின் மறுபாதி. யாசுவோகாவின் தாக்குதல் செய்தி வந்ததுமே, 2-ஆம் தேதி இரவு, ஜுகோவ் தன் சேமப்படையைப் பாயின் சகான் பக்கம் வரச் சொன்னார்: மிகைல் யாகோவ்லெவின் 11-ஆவது டாங்கி பிரிகேட், லெசோவோயின் 7-ஆவது கவச பிரிகேட், ஃபெட்யுனின்ஸ்கியின் 24-ஆவது மோட்டார் காலாட்படை ரெஜிமென்ட். ஆற்றைக் கடந்து போய் யாசுவோகாவைப் பக்கவாட்டில் அடிப்பதே நோக்கம். கொமாட்சுபாரா கடந்து வந்துகொண்டிருப்பது அப்போது அவருக்குத் தெரியாது. விடியற்காலையில் மங்கோலியக் குதிரைப்படையின் நிலையைப் பார்க்கப் போன சோவியத் ஆலோசகர் கர்னல் அஃபோனின்தான் மேட்டின் மேல் ஜப்பானியர் நிற்பதைக் கண்டார்.

அதாவது, கவனத்தைத் திருப்பி வைப்பதற்காகவும் நெருக்குவதற்காகவும் கிழக்கே விட்ட டாங்கித் தாக்குதல், சோவியத் டாங்கிகளைச் சரியாகக் கொமாட்சுபாராவின் வழியிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. ஜப்பானியத் திட்டத்தில் இதைவிடக் கெட்ட அதிர்ஷ்டம் இல்லை. ஆனால் முழுக்க அதிர்ஷ்டம் என்றும் சொல்ல மாட்டேன். எதிரியின் சேமப்படை வேகமாக நகரக்கூடியது என்பதைத் திட்டமிட்டவர்கள் கணக்கில் எடுக்கவில்லை.

ஜுகோவின் முன்னால் இருந்த கேள்வி எளிமையானது. டாங்கிகள் வந்துகொண்டிருக்கின்றன, காலாட்படை இன்னும் வரவில்லை. 24-ஆவது ரெஜிமென்ட் அடையாளமில்லாத அந்தப் புல்வெளியில் திசை மாறிப் போய்விட்டது. டாங்கியைத் தனியாக அனுப்பக்கூடாது என்று சோவியத் ஒழுங்குவிதியே சொல்கிறது. காத்திருந்தால் ஜப்பானியர் பதுங்குகுழி தோண்டி, 37 மி.மீ. பீரங்கிகளை ஊன்றி, மேட்டைக் கோட்டையாக்கிவிடுவார்கள். அவர் அனுப்பினார். இழப்பு பெரிதாக இருக்கும் என்று தெரிந்தே அனுப்பியதாகப் போருக்குப் பின் எழுத்தாளர் கான்ஸ்டன்டின் சிமோனவிடம் அவரே சொன்னார்.

முற்பகலில் தொடங்கி மாலை வரை தாக்குதல் நடந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட கிலோமீட்டர் வெயிலில் ஓடிவந்த டாங்கிகள் நிற்காமல் அப்படியே சண்டைக்குள் புகுந்தன. வடக்கிலிருந்து ஒரு பகுதி, மேற்கிலிருந்து ஒரு பகுதி, தெற்கிலிருந்து பிற்பகலில் கவச கார்கள். ஒன்றாக அல்ல, வந்த வரிசையில். ஜப்பானிய 37 மி.மீ. பீரங்கி சிறியது, சில ஆட்களே இழுத்து நகர்த்திவிடுவார்கள். புல்லுக்குள் படுத்திருந்து, டாங்கி நெருங்கும்வரை பொறுத்துச் சுட்டார்கள். பி.டி.-5-இன் கவசம் அதிகபட்சம் 13 மி.மீ. அந்தப் பீரங்கிக்கு அது ஒரு தடையே அல்ல. பீரங்கியைத் தாண்டி வந்த டாங்கிக்குக் காலாட்படை காத்திருந்தது, கையில் சைடர் பாட்டிலில் பெட்ரோலோடு.

இருந்தும் டாங்கிகள் உள்ளே புகுந்தன. கொமாட்சுபாராவின் காரையே சோவியத் டாங்கிகள் துரத்தின. அவர் மயிரிழையில் தப்பினார். லாரிகளில் முன்னே பாய்ந்து போயிருந்த ஜப்பானிய பட்டாலியன் ஒன்று தனித்து மாட்டிக்கொண்டது. அன்று பிற்பகலிலேயே ஜப்பானியத் தலைமை பின்வாங்க முடிவெடுத்தது.

ஏன் எரிந்தன

சோவியத் பதிவுகளின்படி தாக்குதலில் இறங்கிய 133 டாங்கிகளில் 77-உம், 59 கவச கார்களில் 37-உம் அடிபட்டன. வென்றவர்களின் கணக்கு இது.

பெட்ரோல் பாட்டில் கதை எல்லோருக்கும் பிடிக்கும். வெறுங்கையோடு டாங்கியை எதிர்க்கும் வீரன் என்ற படம் ஜப்பானியப் பத்திரிகைகளுக்கு வேண்டியதாக இருந்தது, பின்னால் வந்த வாசகர்களுக்கும் பிடித்துப்போனது. பாட்டில் உண்மையிலேயே வேலை செய்தது. நாள் முழுக்க ஓடிய பெட்ரோல் என்ஜினின் மேல்தகடு ஜூலை வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்திருக்கும்; பாட்டில் உடைந்தாலே பற்றிக்கொள்ளும், உள்ளே என்ஜினுக்கு இருபுறமும் பெட்ரோல் தொட்டி. ஆனால் இந்தப் போர்த்தொடரின் சேதத்தை ஆராய்ந்த சோவியத் கவசப்படை அறிக்கைகள் வேறு விகிதத்தைச் சொல்கின்றன. இழப்பில் முக்கால் பங்கு அளவுக்கு டாங்கி எதிர்ப்புப் பீரங்கி. அடுத்து மற்றப் பீரங்கிகள். பாட்டில் அதற்கும் பின்னால்தான். பெரும்பாலும் பாட்டில் ஏற்கெனவே நின்றுபோன டாங்கியையோ, துணையின்றி மெதுவாக ஊர்ந்த டாங்கியையோ முடித்துவைத்தது. பாட்டிலோடு ஓடுகிறவனைச் சுட பக்கத்தில் ஒரு காலாட்படைக் குழு இருந்திருந்தால் அந்தப் பங்கும் குறைந்திருக்கும்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் ஓரமாக வைத்துவிடலாம். கல்கின் கோலில் எரிந்த டாங்கிகளைப் பார்த்துத்தான் சோவியத் டீசல் என்ஜினுக்கு மாறியது என்று பலர் எழுதுவதுண்டு. பின்னாளில் டி-34 டாங்கியில் போன வி-2 டீசல் என்ஜினின் வேலை கார்கிவில் 1930-களின் முற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. பாயின் சகான் அந்த முடிவுக்கு வலு சேர்த்திருக்கலாம், தொடக்கம் அதுவல்ல.

அதே இழப்பு, வேறு விளைவு

இரண்டு படைகளும் ஒரே நாளில் ஏறத்தாழ ஒரே தவறைச் செய்தன: காலாட்படையும் பீரங்கியும் உடன் வராமல் டாங்கியை அனுப்பின. இரண்டும் பாதிக்கு மேல் இழந்தன. ஒன்று தோல்வி, மற்றது வெற்றி. ஜுகோவின் துணிச்சல் என்று இதற்குப் பலர் காரணம் சொல்வார்கள். யாசுவோகாவும் துணிச்சலுக்குக் குறைந்தவர் அல்லர்.

வித்தியாசம் எதிரே இருந்தவர்களின் நிலையில் இருந்தது. யாசுவோகா மோதியது தோண்டி அமர்ந்து, கம்பி பரப்பி, பின்னால் கனரகப் பீரங்கி வைத்திருந்த படையோடு. யாகோவ்லெவ் மோதியது சில மணி நேரம் முன்பு ஆற்றைக் கடந்து, தண்ணீரும் குண்டும் கையில் இருந்ததோடு நின்ற படையோடு. அந்தப் படைக்குப் பின்னால் ஒரே ஒரு பாலம். அது போனால் 8,000 பேரும் போவார்கள். கொமாட்சுபாராவைத் திரும்ப வைத்தது எரியாமல் மிஞ்சிய டாங்கிகளைவிட அந்தப் பாலத்தைப் பற்றிய பயம்தான். 26-ஆவது ரெஜிமென்ட் பின்காவல் செய்ய, ஜூலை 5 விடிவதற்குள் படை திரும்பிக் கடந்தது. பொறியாளர்கள் பாலத்தைத் தாங்களே தகர்த்தார்கள்.

தாக்க முடிவெடுத்தது சரி, தாக்கிய விதம் தவறு என்பதே என் கருத்து. பட்டாலியன் பட்டாலியனாக, ஒன்று எரிந்தபின் அடுத்தது என்று அனுப்பாமல், இரண்டு மணி நேரம் பொறுத்து எல்லாவற்றையும் சேர்த்து அடித்திருந்தால் இழப்பு குறைந்திருக்கும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஜப்பானியர் தெற்கே இறங்கியிருப்பார்கள் என்பார்கள் ஜுகோவின் ஆதரவாளர்கள். அதற்கும் இடமுண்டு.

இழப்பைத் தாங்கும் சக்தி இன்னொன்று. பி.டி.-5 மட்டுமே 1,800-க்கும் மேல் கட்டப்பட்டது. அதன் பின்னே பி.டி.-7 ஆயிரக்கணக்கில். 89-ஆம் ரகத்தின் மொத்த உற்பத்தியே சுமார் 400. குவான்டுங் படை தன் டாங்கிகளை அந்த மாதமே போர்க்களத்திலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. எதிர்காலக் கவசப்படைக்கான விதைநெல்லை இங்கே தீர்த்துவிடக்கூடாது என்பது அவர்கள் கணக்கு. தர்க்கப்படி சரியான கணக்கு. ஆனால் அதன் பிறகு கிழக்குக் கரையில் மிஞ்சிய ஜப்பானியக் காலாட்படைக்கு டாங்கி என்பதே இல்லை. யாகோவ்லெவ் தானும் நெடுநாள் இருக்கவில்லை. ஜூலை 12-இல் கிழக்குக் கரைச் சண்டையில், தரையில் படுத்துவிட்ட காலாட்படையை எழுப்பி முன்னே நடத்தும்போது கொல்லப்பட்டார்.

லாரிகள்

ஜூலை 23-இல் ஜப்பான் கனரகப் பீரங்கிகளைக் கொண்டுவந்து சோவியத் பீரங்கிகளை அடக்கப் பார்த்தது. முடியவில்லை; குண்டு கையிருப்பு தீர்ந்தது, எதிர்ப்பக்கம் தீரவில்லை. எதிர்ப்பக்கம் ஏன் தீரவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஜப்பானின் ரயிலடிகள் மிக அருகில், சோவியத்தின் ரயிலடியோ சுமார் 650 கிலோமீட்டர் தள்ளி. தூரத்தைப் பார்த்தே இவ்வளவு பெரிய படையை அவர்கள் பராமரிக்க முடியாது என்று குவான்டுங் படை அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். ஜுகோவின் நினைவுக்குறிப்பு தரும் கணக்கில் ஆகஸ்ட் தாக்குதலுக்குத் தேவைப்பட்டது பீரங்கிக் குண்டு 18,000 டன், எரிபொருள் 15,000 டன், எல்லாம் சேர்த்து 55,000 டன். போய்த் திரும்ப 1,300 கிலோமீட்டர், ஐந்து நாள். தேவை 4,900 லாரி. இருந்தது 2,600 சொச்சம். குறையைப் பீரங்கி இழுக்கும் வண்டிகளைக்கூட அதில் இறக்கி ஈடுகட்டினார்கள்.

ஆகஸ்ட் 20-இல் தாக்குதல் தொடங்கியபோது சோவியத்-மங்கோலியத் தரப்பில் சுமார் 57,000 பேர், 498 டாங்கிகள். இம்முறை விமானக் குண்டுவீச்சு, பிறகு பீரங்கி, பிறகு டாங்கியும் காலாட்படையும் சேர்ந்து. இரு பக்கமும் வளைத்து உள்ளே மாட்டவைத்தார்கள். ஜூலை 3-இல் கற்றதை எல்லோரும் உடனே கடைப்பிடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வடக்கே ஃபூய் மேட்டில் ஒரு சிறு ஜப்பானியப் படை நாள் கணக்கில் முழு வடக்குப் பிரிவையும் நிறுத்திவைத்தது. ஜுகோவ் அங்கே தளபதியை மாற்ற வேண்டியிருந்தது. பதுங்குகுழிகளைக் கடைசியில் தீர்த்தவற்றில் நெருப்பு கக்கும் டாங்கிகளுக்கும் பங்குண்டு. மாத முடிவுக்குள் 23-ஆவது டிவிஷன் ஒரு போர்ப்படையாக இல்லாமல் போனது. செப்டம்பர் 15-இல் மாஸ்கோவில் ஒப்பந்தம், 16-இல் போர்நிறுத்தம்.

பிறகு

ஜப்பான் ஒரு ஆய்வுக் குழுவை அமைத்தது. துப்பாக்கிச் சக்தியும் இயந்திரமயமும் போதவில்லை என்று அது எழுதியது, கூடவே போர் மனவுறுதியின் மேன்மையையும் வலியுறுத்தியது. பாயின் சகானில் 37 மி.மீ. பீரங்கி தந்த வெற்றியே ஒரு வகையில் கண்ணை மறைத்தது என்று தோன்றுகிறது: 13 மி.மீ. கவசத்துக்கு எதிரே நன்றாக வேலை செய்த பீரங்கியை மாற்ற யாருக்கும் அவசரம் வராது. நீண்ட குழாய் 47 மி.மீ. பீரங்கி பொருத்திய 97-ஆம் ரக டாங்கி முதன்முதலாகச் சண்டைக்குப் போனது 1942-இல், பிலிப்பைன்ஸில்.

மாஸ்கோவில் நடந்தது இன்னும் விசித்திரம். ஸ்பெயினிலும் போலந்திலும் பெரிய டாங்கிப் பிரிவுகள் இடறியதைக் காட்டி, 1939 நவம்பரில் டாங்கிக் கோர்களைக் கலைக்க முடிவெடுத்தார்கள். கல்கின் கோல் ஒரு மூலையில் நடந்த சிறு போர், அதன் பாடம் ஐரோப்பாவுக்குப் பொருந்தாது என்ற எண்ணம் அங்கே பலமாக இருந்தது. 1940-இல் பிரான்ஸ் வீழ்ந்ததும் அவசர அவசரமாக இயந்திரமயக் கோர்களை மறுபடி கட்டத் தொடங்கினார்கள். 1941 ஜனவரியில் பொதுப்படைத் தலைவராக ஜுகோவ் நியமிக்கப்பட்டபோது அந்தக் கோர்கள் பாதி காகிதத்தில்தான் இருந்தன. டாங்கி இருந்த இடத்தில் லாரி இல்லை, லாரி இருந்த இடத்தில் டாங்கி இல்லை.